மண்டபத்தில் 300 பேர்

"மண்டபத்துல 300 பேர் இருக்காங்க. தண்ணி இல்ல. உடனே அனுப்புங்க."

பேரிடர் நாளில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் செய்தி இப்படித்தான் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் இதைப் படிப்பவர் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வார். எந்த மண்டபம்? பாம்பன் பாலத்துக்கு இந்தப்புறம் இருக்கும் மண்டபம் என்ற ஊரா? அதை அடுத்து, தனி ரயில் நிலையத்தோடு இருக்கும் மண்டபம் கேம்பா? கேம்ப் என்றால் அங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமா? அல்லது மேடான இடம் என்று சனங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கும் ஏதோ ஓர் ஊரின் கல்யாண மண்டபமா? 300 பேர் என்பது தலையா, தலைக்கட்டா? "உடனே" என்று எழுதியது இன்று காலையா, நேற்று இரவா?

இந்த ஒரு வரியை நம்பி மூன்று அமைப்புகள் மூன்று தண்ணீர் லாரிகளை மண்டபம் ஊருக்கு அனுப்பும். உண்மையில் தாகத்தில் இருப்பவர்கள் 60 கிலோமீட்டர் தள்ளி வேறொரு கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். லாரி, தண்ணீர், மனசு மூன்றும் இருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். நிவாரணப் பொருள் தட்டுப்பாட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை நிலநடுக்கமும் அதன் பின்னே சுனாமியும் வரும் நாளில் நேரும் சொல் தட்டுப்பாட்டைப் பற்றியது.

ராமநாதபுரத்துக்கு எதற்கு நிலநடுக்கக் கவலை என்று கேட்கலாம். நம் காலடியில் ஆபத்து குறைவுதான். அது கிழக்கே, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே சொருகும் இடத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு அங்கே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் கையில் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் வடகடல் (பாக் விரிகுடா) கரை பெரிய அடியிலிருந்து தப்பியது, இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால். 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தது. அலைதான் பெரிதாக வரவில்லை. ஆக, முன்கூட்டிச் சொல்லும் வேலையில் நாம் முன்னேறியிருக்கிறோம். அலை வந்து போன பிறகு யார் எங்கே போவது, யார் யாருக்குச் சொல்வது என்ற மறுபாதி இன்னும் அந்தந்த நேரத்துச் சமாளிப்பாகவே இருக்கிறது.

அந்த மறுபாதியில் முதலில் பழக வேண்டியது, பேசாத ஊரைக் கவனிப்பது. 2001 ஜனவரி 26 காலை 8.46-க்கு குஜராத்தில் நிலம் அதிர்ந்தபோது முதலில் வெளியே வந்த செய்திகள் அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளைப் பற்றியவை. அங்கே தொலைபேசி வேலை செய்தது, நிருபர்கள் இருந்தார்கள். பூஜ் நகரமும் சுற்றுக் கிராமங்களும் தரைமட்டமாகிக் கிடந்தன. அங்கிருந்து பேச வழியில்லை. கூப்பிட்டவர்களுக்கு உதவி போனது. கூப்பிட முடியாதவர்கள் காத்திருந்தார்கள்.

இதற்கு நாம் குஜராத் வரை போக வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் இடத்தில் சிக்னல் விளக்கு எரியாமல் நின்றது. நின்று பார்த்துவிட்டு ஊதிக்கொண்டே நகர்ந்தது என்பார்கள். நகர்ந்த ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் அந்தச் செய்தி முறையாக வெளியே தெரிய இரண்டு நாள் ஆனது. அணைந்த சிக்னலுக்கு "போகலாம்" என்று அர்த்தமில்லை. சத்தமில்லாத ஊருக்கு "சௌக்கியம்" என்றும் அர்த்தமில்லை. எந்த ஊரிலிருந்து குறித்த நேரத்தில் பதில் வரவில்லையோ அந்த ஊருக்குத்தான் முதல் வண்டி போக வேண்டும். அழைப்பு வந்த வரிசையில் வண்டி அனுப்பும் கட்டுப்பாட்டு அறை, சத்தம் போடத் தெரிந்த ஊர்களுக்கு மட்டும் வேலை செய்கிறது.

குறித்த நேரத்தில் பதில் வேண்டுமென்றால் முதலில் வழி வேண்டும். கைப்பேசிக் கோபுரம் மின்சாரம் போன சில மணி நேரம் வரை பேட்டரியில் ஓடும். பிறகு டீசல் வந்தால்தான் உண்டு. அதற்கு முன்பே, எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் நெரிசலில் படுத்துவிடும். குரல் அழைப்பு பேசி முடியும்வரை ஒரு தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறுஞ்செய்தி கண நேரத்தில் போய்விடும். இடம் இல்லாவிட்டால் வரிசையில் நின்று மறுபடி முயலும். அதனால் முதல் நாளில் பேசாதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். படமும் காணொளியும் வேண்டவே வேண்டாம். ஒரு காணொளி அடைக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகள் போகும்.

கோபுரம் போய்விட்டால் நம் கரையில் ஏற்கெனவே இருப்பது படகுகளின் விஎச்எஃப் செட், அதாவது குறுந்தூர ரேடியோ. இதன் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 4 மீட்டர் உயரக் கம்பம் உள்ள இரண்டு படகுகளுக்கு இடையே 16 கிலோமீட்டர். கரையில் 16 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா இருந்தால் அதே படகுக்கு 25 கிலோமீட்டர். அதிக வாட் செட் வாங்குவதைவிட ஆன்டெனாவை ஒரு மாடி ஏற்றுவது லாபம். சேனல் 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் மட்டும். ஆள் கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். எல்லாரும் 16-லேயே அரிசி மூட்டைக் கணக்குப் பேசினால் கடலில் தத்தளிப்பவன் குரல் அமுங்கிப்போகும். இது கடலுக்கான அலைவரிசை, உரிமத்தோடு வருவது என்பதையும் மறக்கக் கூடாது.

மாவட்டத்தைத் தாண்டிப் பேச ஹாம் ரேடியோ, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நடத்தும் வானொலி. 2004 டிசம்பரில் தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஒரு ஹாம் குழுதான் அந்தமானுக்கும் நாட்டின் மற்ற பகுதிக்கும் இடையே செய்தி கடத்தியது. நமக்குத் தேவையான ஏற்பாடு சிறியது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவாக மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் வெட்டிப் பக்கத்துக்கு 10 மீட்டர். இரண்டு பனைகளுக்கு இடையே 4, 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் போதும். உயரத்தில் கட்டினால் நன்றாக எட்டும் என்று நினைப்பது இங்கே தப்பு. தாழக் கட்டினால்தான் அலை நேர் மேலே போய், வான மின்மண்டலத்தில் பட்டு, 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குடைபோல் இறங்கும். மதுரை, தூத்துக்குடி, நாகை எல்லாம் அந்தக் குடைக்குள் அடக்கம். இருட்டிய பிறகு 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும், அப்போது 3.5-க்கு இறங்க வேண்டும், கம்பி 40 மீட்டராகும். கம்பி முனையை மரத்தில் கட்ட வலைக் கயிறு போதும், நைலான் மின்சாரம் கடத்தாது.

பேட்டரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் 1 ஆம்பியர் தின்னும் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி (ஏஎச்). நாள் முழுக்க மொத்தம் 2 மணி நேரம் பேசினால், குறைந்த வாட்டில்கூட 10 ஆம்பியர் வீதம் 20. ஆக 44. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் 100 ஏஎச் வேண்டும். பல வீடுகளில் இன்வெர்ட்டருக்கு இருக்கும் 150 ஏஎச் பேட்டரி ஒன்று ஒரு நாளைத் தாராளமாக ஓட்டும். உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்துவிடும். துடைத்து வாசலின் தடவி வையுங்கள்.

ஆக, எந்த வழியாகப் பேசினாலும் வார்த்தைக்குப் பஞ்சம்தான். அதனால் செய்திக்கு ஒரு வடிவம் வேண்டும். எங்கள் பரிந்துரை எட்டுத் துண்டுகள்: செய்தி எண், தேதி, 24 மணி நேரக் கணக்கில் நேரம், ஊர் (வட்டத்தோடு), இடம், தலை எண்ணிக்கை, ஒரே ஒரு தேவை (அளவோடு), சொன்னவர் பெயரும் பொறுப்பும். மேலே பார்த்த வரியை இப்படித் திருப்பி எழுதலாம்: "எண் 7. 14-ஆம் தேதி, 16.20. கடலாடி வட்டம், வாலிநோக்கம். ஊர்க் கல்யாண மண்டபம். 312 தலை, அதில் 5 வயதுக்குள் 41. குடிநீர் 4,700 லிட்டர், நாளை காலை 7-க்குள். சொன்னது விஏஓ." நீளம் கூடத்தான் செய்கிறது. ஆனால் மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. மறுபடி கூப்பிட லைன் கிடைக்காது என்பதுதான் விஷயமே.

நேரம் எழுதாத செய்தி அழுகிய மீன் மாதிரி. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வரும்போது "இன்று காலை" என்ற சொல் மூன்று நாள் கழித்தும் இன்று காலையாகவே இருக்கும். தண்ணீர் வந்து தீர்ந்த ஊருக்கு நான்காம் நாளும் வண்டிகள் வரும். செய்தி எண் இருந்தால் "எண் 7 முடிந்தது, 15-ஆம் தேதி 06.40" என்று மூடலாம். திறந்த செய்தியை மூடுவதற்கு ஆள் போடாத கட்டுப்பாட்டு அறையில் வேலை குறையாது, கூடும்.

ஊர்ப் பெயருக்குத் தனிப் பத்தி வேண்டியிருக்கிறது. பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு முத்துப்பேட்டை. திருவாரூர் மாவட்டத்தில் இன்னொரு முத்துப்பேட்டை. சென்னையிலிருந்து வரும் லாரிக்காரருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். ராமேஸ்வரம் தீவுக்குள் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அடுத்தடுத்து. வலசை என்று முடியும் ஊர்கள் எத்தனை என்று உள்ளூர்க்காரருக்கே விரல் போதாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே ஊர் நாலு விதமாக வரும். கணினி அதை நாலு ஊராக எண்ணும். வழி ஒன்றுதான்: வருவாய்த் துறையின் கிராமப் பட்டியலில் உள்ள பெயரையும் எண்ணையும் எல்லா அமைப்புகளும் அப்படியே எடுத்துக்கொள்வது. அதில் தனியாக வராத குடியிருப்புகளுக்கு, குறிப்பாகக் கடலோரக் குப்பங்களுக்கு, தாய்க் கிராம எண்ணோடு அ, ஆ என்று சேர்ப்பது.

அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் குழப்பம் தீராதா என்பார்கள். கூடவும் செய்யும். படகு ஜிபிஎஸ் பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று காட்டும். கைப்பேசி தசமத்தில் காட்டும். ராமேஸ்வரம் 9 பாகை 17 கலை வடக்கு, 79 பாகை 19 கலை கிழக்கு. இதை அவசரத்தில் 9.17, 79.19 என்று கைப்பேசியில் தட்டினால் 18 கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே போய் மன்னார் வளைகுடாத் தண்ணீரில் புள்ளி விழும். சரியான தசமம் 9.28, 79.32. கலையை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும். ஹெலிகாப்டருக்கு இடம் சொல்கிறவர் இந்த வகுத்தலைக் காகிதத்தில் போட்டுக் காட்ட வேண்டும், மனக்கணக்கு கூடாது.

அடுத்து எண்ணிக்கை. இங்கே மூன்று கணக்குகள் ஓடுகின்றன. குடும்ப அட்டைக் கணக்கு ஒன்று. ஊர் வரி கட்டும் தலைக்கட்டுக் கணக்கு ஒன்று. ஜமாத்தோ தேவாலயப் பங்கோ வைத்திருக்கும் ஏடு ஒன்று. எதுவும் பொய்யில்லை, எதுவும் முழுசும் இல்லை. தலைக்கட்டில் தனியாக இருக்கும் விதவைகள் பல ஊர்களில் வரமாட்டார்கள். வேறு ஊரிலிருந்து வந்து விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், கருவாட்டு வாடிகளில் தங்கி வேலை செய்கிறவர்கள், பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போன பெண்கள், முகாமில் தனிப்பதிவில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள், ஊருக்கு வெளியே இருக்கும் தலித் குடியிருப்பு என்று விடுபடுகிறவர்களின் பட்டியல் நீளம். 2004-க்குப் பிறகு நாகைக் கரையிலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாக மட்டுமே பொருள் போன இடங்களில் மீனவர் அல்லாதார் விடுபட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆகவே ஊர்த்தலைவர் ஏட்டை வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், அதோடு நிற்காமல் யார் பெயர் இல்லை என்று ஒரு பெண்ணிடம் கேளுங்கள். ரேஷன் கடையில் வேலை செய்கிறவரோ அங்கன்வாடிப் பணியாளரோ அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

சரி, இத்தனை செய்திகளும் எங்கே போய்ச் சேர்வது? 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். கட்டுப்பாட்டு அறை எண் 1077. யார் எந்தப் பொறுப்பு என்பதற்குத் தேசிய ஆணையம் 2010-ல் ஒரு சம்பவ மேலாண்மை முறையையும் வகுத்திருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. குறை கணக்கில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மீனவக் கிராமங்கள் 150-க்கு மேல். ஒரு ஊரின் செய்தியை வாங்கி, எழுதி, திருப்பிப் படித்துக் காட்ட 2 நிமிடம். 150 ஊருக்கு 5 மணி நேரம். ஒரே அறை ஒரு நாளில் இரண்டு முறை அனைவரையும் கேட்டால் 10 மணி நேரம் அதிலேயே போய்விடும். 12 ஊருக்கு ஒரு கிளை மையம் என்று 13 மையங்கள் வைத்தால், ஒவ்வொரு மையமும் தன் ஊர்களை 24 நிமிடத்தில் கேட்டுவிடும். 13 மையங்களும் மாவட்டத்துக்குச் சொல்ல 26 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் மாவட்டமே பெயர் கூப்பிட்டு முடிந்தது. பதில் சொல்லாத ஊர் எது என்பதும் தெரிந்துவிட்டது. காலை 6, மாலை 4 என இரண்டு வேளை போதும்.

குஜராத்தின் கச் மாவட்டத்தில் 2001-க்குப் பிறகு இதையேதான் செய்தார்கள். தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று சில ஊர்களுக்கு ஒன்றாகத் தகவல் மையங்கள் திறந்து, கிராமத்தின் தேவையை மேலேயும் அரசின் ஆணையைக் கீழேயும் கடத்தியது. அந்த மையங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "சேது". பெயருக்குச் சொந்தக்காரர்கள் நாம். நாகப்பட்டினத்தில் 2005 ஜனவரியிலேயே ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது அதனால்தான்.

கூட்டம் நடத்துவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் அதிகம் வீணாவது கூட்டத்தில்தான். உணவு, தங்குமிடம், தண்ணீர் என்று துறைவாரியாகக் குழுக்கள் கூடும் ஐ.நா. முறை முதன்முதலாக 2005 அக்டோபர் 8 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் பயன்பட்டது. யோசனை நல்லது. 2010 ஜனவரியில் ஹைட்டியில் அதே கூட்டங்கள் காவல் போட்ட ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோல் பேசும் உள்ளூர் அமைப்புகள் வாசலில் நின்றன. ஊரைத் தெரிந்தவர் வெளியே, ஊருக்கு வந்தவர் உள்ளே! நம் கரையில் கூட்டம் தமிழில் நடக்க வேண்டும். வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் வந்தால் மொழிபெயர்ப்பாளரை அவர்கள் அழைத்து வரட்டும். மாலை 5 மணி, 30 நிமிடம், நின்றுகொண்டே. ஜமாத், பங்குத்தந்தை, மீனவர் சங்கம், பனைத் தொழிலாளர், மகளிர் குழு என ஆளுக்கொருவர். யாரும் தாங்கள் செய்ததைச் சொல்லக் கூடாது. நாளை செய்யப் போவதையும் செய்ய முடியாததையும் மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். செய்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பொன்னாடை வரை போய்விடும்.

சுவரில் ஒரு பலகை: ஊர், அமைப்பு, வேலை, எதுவரை. கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒரு ஊரில் பெயர் எழுதி இடம் பிடித்துவிட்டு வராமல் போகும் அமைப்புகள் எல்லாப் பேரிடரிலும் உண்டு. அவர்கள் பெயரைப் பார்த்து மற்றவர்கள் அந்த ஊரை விட்டுவிடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் ஆள் இறங்கவில்லை என்றால் பெயரை அழித்துவிட வேண்டும், எவ்வளவு பெரிய அமைப்பாக இருந்தாலும். பலகையைப் படமெடுத்து மாலை 6-க்கு அனுப்பினால் அதுவே அன்றைய அறிக்கை. இன்னொன்றையும் பலகை காட்டிக்கொடுக்கும்: கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் மூன்று பெயர், சாலையிலிருந்து உள்ளே போகும் மோர்ப்பண்ணை, முள்ளிமுனை, காரங்காடு மாதிரி ஊர்களில் காலி. லாரி தார்ச்சாலையை விட்டு இறங்க யோசிக்கும்.

இப்போது பாலம். தீவுக்குச் சாலை ஒன்று, 1988-ல் திறந்த பாலம் வழியாக. ரயில் ஒன்று, 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் வழியாக. காற்று வரம்பு மீறினால் ரயில் நிற்கும். அலை அடித்தால் சாலைப் பாலத்தையும் சோதித்துப் பார்க்காமல் கனரக வண்டி விடக் கூடாது. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகமே அனுப்பிய பொருள் காத்மாண்டுவின் ஒற்றை ஓடுபாதையில் வந்து முட்டியது. கனம் தாங்காமல் பாதை சேதமாகி, மே முதல் வாரத்தில் பெரிய விமானங்களுக்கு மூடினார்கள். பாம்பன் நமக்கு அந்த ஓடுபாதை. அதனால் கட்டுப்பாட்டு மேசை ஒன்று போதாது. மண்டபம் பக்கம் ஒன்று, தீவுக்குள் ஒன்று, இரண்டும் தனித்தனியே முடிவெடுக்கும் அதிகாரத்தோடு. பாலம் திறந்திருக்கும் நேரத்தில் எது முதலில் போவது என்ற வரிசையை மண்டபம் மேசை எழுத வேண்டும்: மருந்து, தண்ணீர் சுத்திகரிக்கும் பொருள், டீசல், குழந்தை உணவு, பிறகுதான் அரிசி. அரிசி தீவுக்குள் கடைகளில் சில நாளைக்கு இருக்கும். பழைய துணி வண்டியை மதுரையிலேயே நிறுத்திவிடுங்கள். 2004-ல் நாகைச் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்த துணிகளை அள்ளிப்போடத் தனி ஆள் தேவைப்பட்டது.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, 500 கிலோமீட்டருக்கு மேல். முன்னரே நிறுத்தி வைக்காவிட்டால் முதல் அரை நாள் நம் கையில்தான். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மரைன் போலீஸ், மீன்வளத் துறை எல்லாம் அருகில் இருக்கின்றன என்பது பலம். அவர்கள் செட்டும் மற்றவர்கள் செட்டும் ஒரே அலைவரிசையில் பேசாது என்பது பலவீனம். செட்டை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் தன் செட்டோடு ஒரே அறையில் உட்கார்ந்தால், காதுக்குக் காது செய்தி மாறிவிடும். இதைவிட மலிவான இணைப்பு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை: அனுமதி இல்லாத செயற்கைக்கோள் கைப்பேசி இந்தியாவில் சட்டப்படி குற்றம். துரையா, இரிடியம் செட்டுகளை நல்லெண்ணத்தோடு பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் விமான நிலையத்திலேயே மாட்டும். சர்வதேச எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் கரையில் இதற்குத் தாட்சண்யமே கிடையாது. பிஎஸ்என்எல் வழியாக முறையாக வாங்கியதை வட்டாட்சியரிடம் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொண்டால் ஒருங்கிணைப்பு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது புரியும். நிவாரண முகாமில் ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்பது உலக அளவுகோல். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு பிளாஸ்டிக் குடம். 300 பேர் என்றால் 300 குடம், 4,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 800 பேருக்கு வரும். கிணற்று நீருக்குக் குளோரின் போடும் அடிப்படை அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அந்த லாரிக்கு 30 கிராம். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்ட வேண்டும். இப்போது சிக்கல்: லாரி நிரப்பிய இடத்தில் ஒருவர் போடுவார், ஊரில் தொட்டிக்கு இறக்கியதும் சுகாதாரக் குழு போடும், மாலையில் இன்னொரு தொண்டர் போடுவார். நெடி தாங்காமல் சனங்கள் பழைய ஊற்றுக்கே போவார்கள். அல்லது, மற்றவர் போட்டிருப்பார் என்று மூன்று பேருமே விட்டுவிடுவார்கள். தொட்டிச் சுவரில் சுண்ணக்கட்டியால் தேதி, நேரம், கிராம், பெயர் எழுதினால் தீர்ந்தது. ஊற்றுகளுக்கும் ஒரு வார்த்தை. மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் ஏறிய பிறகு சுத்தம் செய்கிறோம் என்று மோட்டார் போட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறி, நல்ல ஊற்றும் கெடும். வாளியால் மெதுவாக இறைக்க வேண்டும். மோட்டார் தானம் செய்ய வரும் அமைப்பிடம் இதை யாராவது முகம் பார்க்காமல் சொல்லியாக வேண்டும்.

காணாமல் போனவர் பட்டியல்தான் மிகக் கடினம், அங்கேயும் நம்மிடம் ஓர் அனுகூலம் இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகின்றன, மீன்வளத் துறை டோக்கன் வாங்கிக்கொண்டு. அலை செவ்வாய் மதியம் வந்தால் கரையில் படகுகள் நொறுங்கும். சனி இரவு வந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் கடலில் இருப்பார்கள். அந்த நாள் டோக்கன் ஏடுதான் தேடுதலின் முதல் பக்கம். ஆனால் டோக்கனில் இருக்கும் ஆள் எண்ணிக்கையும் படகில் ஏறிய எண்ணிக்கையும் பல நேரம் ஒன்றாக இராது. கடைசி நேரத்தில் மாமன் மகன் ஏறியிருப்பான். 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தில் யார் எந்தப் படகில் என்று தெரியாமல் குடும்பங்கள் வாரக்கணக்கில் தவித்தன. ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும் பதிவு எண், ஏறியவர் பெயர்கள், ஒரு கரைத் தொலைபேசி எண் — இந்த மூன்றையும் படகு கிளம்புமுன் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டுப் போகும் பழக்கம் வந்தால் பாதித் தேடல் மிச்சம்.

நாட்டுப்படகுக்கும் வல்லத்துக்கும் டோக்கன் ஏடு கிடையாது. அவற்றை ஊரில் மீன் எடுக்கும் வியாபாரியின் சிட்டையில்தான் தேட வேண்டும். யாருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

எழுதுவதற்குப் பென்சில். பேனா மை உப்பு ஈரத்தில் பரவிவிடும். கார்பன் தாள் வைத்து இரண்டு படி. ஒன்று ஊரில், ஒன்று மையத்தில். அச்சிட்ட படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும்.

இந்தப் பட்டியல்களில் சீக்கிரம் கெடுவது தொலைபேசி எண்கள். விஏஓ மாற்றலாகிப் போவார், ஊர்த்தலைவர் மாறுவார், சிம் மாறும். வருடத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். அதற்கு இந்தக் கரையில் ஒரே காலம்தான் வாகானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறி நிற்கும், வலை பின்னிக்கொண்டு ஆட்கள் ஊரில் இருப்பார்கள், படகு ஆய்வுக்கு மீன்வளத் துறையும் வரும். அந்த ஆய்வு நாளிலேயே விஎச்எஃப் செட்டை ஒரு முறை பேசிப் பார்த்து, எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்து, எடுக்காத எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுத வேண்டும். ஜூன் 14 இரவு ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டால் பிறகு யாரையும் பிடிக்க முடியாது.